வெண்பனியை வரையாமல் வரைதல்

சித்திரக்கலைப் படிப்பில் ஒரு பருவகாலத்தை மையமாகக் கொண்டு தொடர் சித்திரங்கள் வரைய வேண்டியிருந்தபோது, நான் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தேன். பூவும் பச்சையும் இல்லாத அப்பருவத்தில் வண்ணத்தைக் காட்டித் தப்பிக்க வழியில்லை. கோடும் ஒளிநிழலும்தான் படத்தைத் தாங்கியாக வேண்டும்.

மரங்களிலிருந்து தொடங்கினேன். இலையுதிர்ந்த மரங்கள் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். ஒரு சிறு கிளையை எதிரே வைத்துப் பென்சிலால் வரையும்போதுதான், மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிராக இணைந்திருப்பதும், ஓக்கில் மாறிமாறி அமைந்து நுனியில் மட்டும் கொத்தாகக் கூடுவதும், மொட்டின் அடியில் பழைய இலைக்காம்பு உதிர்ந்த தழும்பு இருப்பதும் கண்ணில் படுகின்றன. இதை அறிந்த பிறகு என் மரங்களின் கிளைகள் மனம்போன போக்கில் பிரியவில்லை. நிழலுருவாக வரைந்தாலும் அது என்ன மரம் என்று சொல்ல முடிந்தது.

அடுத்து வந்த வெண்பனிதான் அதிகக் காலத்தை எடுத்துக்கொண்டது. நீர்வண்ணத்தில் பனிக்கு வண்ணம் கிடையாது. தாளின் வெண்மையை அப்படியே விட்டுவைத்து, அதன் நிழல்களை மட்டுமே தீட்டுகிறோம். வெயில் நேராகப் படாத இடத்துக்குத் தெளிந்த வானத்தின் ஒளி மட்டுமே வந்து சேர்வதால், அந்த நிழல் சாம்பலாக அல்லாமல் நீலமாகத் தெரிகிறது. பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே 1868–69 குளிர்காலத்தில் தீட்டிய 'மேக்பை' ஓவியத்தில் வேலியின் நிழல் பனியின்மீது நீலமாக விழுந்திருப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பல செய்முறை விளக்கங்களைவிடப் பயன்பட்டது. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைச் சிறிதளவு கலந்தால் கிடைக்கும் நிழல்வண்ணம், சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் துகள்துகளாகப் படிந்து, பனிப்பரப்பின் மணல்போன்ற தன்மையைத் தானாகவே தந்துவிடுகிறது. ஈரப்பூச்சின் பளபளப்பு மங்கும் நேரத்தில் உப்பைத் தூவிப் பனித்துகள் காட்டும் உத்தியும் உண்டு. அது கண்ணைக் கவரும், ஆனால் ஒரு படத்துக்கு மேல் செய்தால் வெறும் வித்தையாகிவிடும் என்பது என் கருத்து.

கடுங்குளிரில் வெளியே அமர்ந்து தீட்டுவது எளிதன்று. ஈரம் காய்வதற்குள் தாளிலேயே உறைந்து, பெரணி இலைபோன்ற வடிவங்கள் தோன்றிவிடுகின்றன. அதனால் வெளியில் பென்சில் குறிப்புகளோடு நிறுத்திக்கொண்டு, வண்ணத்தை உள்ளே வந்துதான் தீட்டினேன்.

பனிப்படிகங்களை வரையும்போது அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வில்சன் பென்ட்லி 1885 முதல் எடுத்த நுண்ணோக்கி ஒளிப்படங்கள் உதவின. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால், நட்சத்திரப் படிகத்தின் கரங்கள் 60 பாகை இடைவெளியில் பிரிகின்றன. ஆனால் எல்லாப் பனியும் நட்சத்திரமாக விழுவதில்லை. மேகத்தில் ஏறத்தாழ -5 பாகை செல்சியஸில் ஊசிகளும், -15 பாகையை ஒட்டிக் கிளைவிட்ட நட்சத்திரங்களும் உருவாகின்றன. ஆகவே என் சித்திரங்களில் ஊசிகளுக்கும் உடைந்த கரங்களுக்கும் இடம் கொடுத்தேன். வாழ்த்து அட்டைகளின் குறையற்ற நட்சத்திரங்களைப் பார்த்துப் பழகிய சக மாணவர்களுக்கு அவை உடனே பிடிக்கவில்லை.

இப்போது பறவைகளை வரைந்துகொண்டிருக்கிறேன். வெப்பத்தைக் காக்க இறகுகளைச் சிலிர்த்து, இடையில் காற்றைப் பிடித்துவைத்திருக்கும் சிறு பறவை ஏறக்குறைய உருண்டையாகத் தெரிகிறது. அந்த உருண்டைக்குள் கழுத்தும் தோளும் எங்கே இருக்கின்றன என்பது என் கோடுகளில் இன்னும் பிடிபடவில்லை.