சேர் கேட்ட கேள்வி

எந்தப் படையைப் பற்றிப் படித்தாலும் எங்கள் வரலாற்று சேர் ஒரு கேள்வி கேட்பார்: "சரி, அந்தச் சிப்பாய்க்குச் சம்பளம் எவ்வளவு?" பாடப்புத்தகத்தில் பதில் இருக்காது. "தேடுங்கோ, அப்பதான் வரலாறு விளங்கும்" என்பார்.

பொஸ்ரனுக்குக் குடிவந்த பிறகுதான் நான் தேடினேன். இங்கே மசாசூசெற்ஸ் அரச மாளிகைக்கு எதிரே ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. குதிரையில் கேணல் றொபேட் கோல்ட் ஷா, 25 வயது. பக்கத்தில் துவக்கைத் தோளில் சாத்தி நடக்கும் கறுப்பினச் சிப்பாய்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிக்காகத் தொண்டர்களாகச் சேர்ந்த 54ஆவது மசாசூசெற்ஸ் காலாட்படை. 1863 மே 28 அன்று இந்த வழியாகத்தான் அணிவகுத்துப் போய்க் கப்பல் ஏறினார்கள்.

ஜூலை 18 மாலை, தென்பகுதியின் சார்ள்ஸ்ரன் துறைமுக வாயிலில் எதிரிகள் வைத்திருந்த வக்னர் கோட்டையை ஏறக்குறைய 600 பேர் தாக்கினார்கள். இறந்தோர், காயப்பட்டோர், காணாமற்போனோர் என 270 பேர்வரை இழப்பு. மதிலின் மேல் ஷா விழுந்தார். எதிரிகள் அவரை அவருடைய சிப்பாய்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். மகன் அங்கேயே இருக்கட்டும் என்றார் தகப்பன்.

இவ்வளவும் பலருக்குத் தெரியும். சேரின் கேள்விக்கு வருகிறேன். படையில் சேரும்போது சொன்ன சம்பளம் வெள்ளையருக்குப் போல மாதம் 13 டொலர். கொடுக்க வந்ததோ 10 டொலர், அதிலும் உடுப்புக்கு 3 டொலர் கழிவு. படையணி முழுவதும் வாங்க மறுத்தது. குறையை நாங்கள் நிரப்புகிறோம் என்று மசாசூசெற்ஸ் மாநிலம் முன்வந்தபோதும் வேண்டாம் என்றார்கள். வீட்டில் மனைவி பிள்ளைகள் பசியோடு இருக்க, ஒரு வருடத்துக்கு மேலாகச் சதம் வாங்காமல் சண்டை பிடித்தார்கள். கோட்டையில் ஏறியதைவிட இதைத்தான் நான் பெரிய வீரம் என்பேன்.

ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்ற கோப்ரல், நாங்கள் சிப்பாய்களா கூலிகளா என்று கேட்டு லிங்கனுக்கே கடிதம் எழுதினார். 1864 செப்ரெம்பரில் முழுச் சம்பளமும் வந்தது. குடிங் அதற்கு முன்பே, அந்த ஜூலையில், எதிரிகளின் அண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்துவிட்டார்.

1897இல் சிற்பம் திறக்கப்பட்டபோது பின்புறத்தில் இறந்த அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. சிப்பாய்களின் பெயர்களைப் பொறிக்க 1982 ஆயிற்று.

போன கோடையில் அங்கே நின்றபடி சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். முதுமையில் கண் தெரியாது அவருக்கு. சம்பளக் கதை முழுவதையும் கேட்டார். அப்புறம், அந்தப் பெயர்களை வாசிக்கச் சொன்னார். இரண்டு மூன்றோடு நிறுத்தினேன்.

"எல்லாத்தையும் வாசியும்" என்றார்.