தாடி ஓணானின் வயிறும் அப்பாவின் வயிறும்

டொராண்டோ, ஜனவரி 11

மகளின் தோழி குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தபோது, கண்ணாடித் தொட்டியோடு எங்களிடம் விட்டுச்சென்ற தாடி ஓணான் சில நாட்களாக மலம் கழிக்கவில்லை. சில்வண்டை முகத்தருகே விட்டாலும் கண்ணை மூடிக்கொள்கிறது. அடிவயிறு இறுகியிருக்கிறது, இன்று பின்னங்கால்களை இழுத்தபடி நகர்ந்ததைக் கண்டபின் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

ஜனவரி 12

எக்ஸ்ரே படத்தில் குடலின் பின்பகுதி முழுவதும் மணல் வெள்ளையாகத் திரண்டிருந்தது. தொட்டியில் பரப்பியிருந்தது, விழுங்கினாலும் செரித்துவிடும் என்று சொல்லி விற்கப்படும் கால்சியம் மணல். அந்த விளம்பரத்தை நம்பி எத்தனை பிராணிகள் வதைபடுகின்றனவோ என்று கோபம் வந்தது. ஆனால், மருத்துவர் மணலைவிட வெப்பத்தைப் பற்றியே அதிகம் விசாரித்தார். வெயில் காயும் கல்லின் மேல் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்றும், உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத ஊர்வனவற்றுக்கு வெளிச்சூடு குறைந்தால் குடலின் அசைவே மந்தமாகி, வழக்கமாக வெளியேறிவிடக்கூடிய சிறு மணலும் தங்கிப்போகும் என்றும் விளக்கினார். புற ஊதா விளக்கு பழையதானால் கால்சியம் உடலில் சேராமல் குடல் தசையும் தளர்ந்துவிடுமாம். தோலுக்கடியில் நீர்மம் ஏற்றி, வெதுவெதுப்பான நீரில் தினமும் உட்கார வைக்கச் சொன்னார். வாயில் எண்ணெய் புகட்டவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஜனவரி 14

முழங்கால் அறுவைக்குப்பின் கோடீன் என்ற, மலச்சிக்கலை உண்டாக்கக்கூடிய வலிநீக்கி மாத்திரை எடுத்துவரும் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு என்று அம்மா கவலைப்பட்டார். வீட்டுக்கு வந்த செவிலியர் விரலால் சோதித்துவிட்டு, இது போக்கு அல்ல, கட்டு என்றார்: கெட்டிப்பட்ட மலம் மலக்குடலை அடைத்துநிற்க, மேலிருக்கும் நீர்மம் மட்டும் அதன் ஓரமாகக் கசிகிறது. போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்திருந்தால் கட்டு இன்னும் இறுகியிருக்கும். எனிமா கொடுப்பதற்கு முன், வாந்தி உண்டா, வயிறு உப்பியிருக்கிறதா, வாயு பிரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விட்டுவிட்டுப் பிடிக்கும் வலியோடு வாந்தியும் வந்து, வாயுவும் பிரியாவிட்டால் அது குடலடைப்பாக இருக்கலாம், அப்போது மலமிளக்கி கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய அறுவைக்குப்பின் எந்த அடைப்பும் இல்லாமலேயே பெருங்குடல் அசைவற்று வீங்கிவிடுவதும் உண்டு; 1948இல் அதை விவரித்த ஆகில்வி என்ற அறுவை மருத்துவரின் பெயராலேயே அந்நிலை வழங்குகிறது. கோடீன் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜனவரி 17

புதிய விளக்குகள் பொருத்தி, மணலை அகற்றிச் செய்தித்தாள் விரித்திருந்தோம். இன்று குளியலின்போது, மணல் ஒட்டிய கரிய கட்டியும் அதன் நுனியில் சுண்ணாம்பு போன்ற வெள்ளை யூரேட்டும் (ஊர்வனவற்றின் கெட்டியான சிறுநீர்க் கழிவு) வெளிவந்தன. எஞ்சிய மணலைப் பார்க்க அடுத்த வாரம் மீண்டும் எக்ஸ்ரே. குறையாவிட்டால் அறுவை பற்றி முடிவெடுக்க வேண்டும்.