டிஸ்க் காணோம்: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 8, 2025, ஞாயிறு

காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றிலிருந்து புது சிஸ்டம் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருக்கிறது. ஆலை வாசலில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கின்றன, விலை படுத்துவிட்டது என்று தோட்டக்காரர்கள் கொதிக்கிறார்கள். கணக்குப் பிரிவு அக்காவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். பில் போடும் சிஸ்டம் நின்றால் கேட்டில் ஒரு லாரியும் நகராது, திட்டு எல்லாம் அவருக்குத்தான். அதனால் இரண்டு எஸ்எஸ்டி போட்டு, ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மிரர் என்போமே, ரெய்டு 1, அதுதான்.

இன்டெல் 12ஆம் தலைமுறை பிராசஸர், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இரண்டு. விண்டோஸ் 11 பென் டிரைவைச் சொருகி ஆரம்பித்தால், எந்த டிஸ்கில் நிறுவுவது என்று கேட்கும் பக்கத்தில் பட்டியல் காலி. கடையில் வேலை பழகும் தம்பி, "அண்ணா, ரெண்டுமே டெட்டா?" என்றான். விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் பயோஸைத் திறந்து காட்டினேன். இரண்டும் பெயரோடும் கொள்ளளவோடும் அங்கே ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

பயோஸில் தெரிந்து விண்டோஸ் நிறுவலில் தெரியவில்லை என்றால் டிஸ்கைக் குறை சொல்லிப் பயனில்லை, டிஸ்குக்கும் விண்டோஸுக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலரைப் பார்க்க வேண்டும். இந்த போர்டில் விஎம்டி என்ற வசதி ஆன் ஆகியிருக்கிறது. சாதாரணமாக என்விஎம்இ டிஸ்க் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் நேராகத் தெரியும், அதற்கான டிரைவர், அதாவது அதோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள், விண்டோஸ் 8.1 முதல் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. விஎம்டி ஆன் ஆனால் டிஸ்குகள் எல்லாம் அந்தக் கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம் பேசத் தெரியாதவன் உள்ளே இருக்கும் முதலாளியைப் பார்க்க முடியாது அல்லவா, அந்தக் கதைதான்.

ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள சிஸ்டமாக இருந்தால் நான் யோசிக்காமல் விஎம்டியை ஆஃப் செய்துவிடுவேன். டிரைவர் தேடும் வேலையே இல்லை. ஆனால் அக்கா கேட்பது மிரர். இந்த போர்டில் இன்டெல் ரெய்டு வேண்டுமென்றால் விஎம்டி ஆன் ஆகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

காலையில் முதல் வேலை பயோஸுக்குள் இருக்கும் ரேபிட் ஸ்டோரேஜ் (சுருக்கமாக ஆர்எஸ்டி, இன்டெல் ரெய்டை நடத்தும் வசதி) பக்கம் போய் ரெய்டு 1 வால்யூம் உருவாக்கியது. இதை விண்டோஸ் நிறுவும் முன்பே செய்வதுதான் நல்லது. இரண்டு டிஸ்கிலும் உள்ளதை அழித்துவிடுவேன் என்று அது எச்சரிக்கும். இரண்டும் காலி டிஸ்க் என்பதால் கவலையில்லை.

அப்புறம் டிரைவர். தம்பி ஏற்கனவே நெட்டில் தேடி, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் செட்டப் ஃபைலை அப்படியே பென் டிரைவில் போட்டு வைத்திருந்தான். அது விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் நிறுவுவதற்கான ஃபைல். நிறுவல் பக்கத்தில் 'லோட் டிரைவர்' அழுத்தும்போது விண்டோஸ் தேடுவது டிரைவரின் விவரம் எழுதியிருக்கும் ஐஎன்எஃப் ஃபைலை. செட்டப்புக்குள் பொதிந்திருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. வேறொரு சிஸ்டத்தில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, செட்டப் ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடு, அதை ஒட்டி 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்', கடைசியாக எந்த ஃபோல்டரில் பிரிக்க வேண்டும் என்று எழுதினால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அதில் விஎம்டி ஃபோல்டரை பென் டிரைவுக்கு மாற்றினோம்.

மறுபடி ஆரம்பித்து, 'லோட் டிரைவர்', 'பிரவுஸ்', ஃபோல்டரைக் காட்டியதும் ஒரே ஒரு வரி வந்தது: இன்டெல் ஆர்எஸ்டி விஎம்டி கன்ட்ரோலர் 467எஃப். அந்த 467எஃப்தான் 12ஆம் தலைமுறையின் விஎம்டி அடையாளம். 11ஆம் தலைமுறை லேப்டாப்புகளில் 9ஏ0பி என்று வரும். அதைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுத்த சில நொடிகளில் பட்டியலில் ஒரே டிஸ்க் வந்து நின்றது. தம்பி மறுபடி பதறினான், "ரெண்டு இருக்கணுமே?" மிரர் போட்டாயிற்றே, விண்டோஸுக்கு இனி ஒன்றுதான்.

அந்தப் பக்கத்தில் ஒரு டிக் பெட்டி உண்டு, இந்தக் கணினிக்குப் பொருந்தாத டிரைவர்களை மறை என்று. அவசரத்தில் பலரும் அந்த டிக்கை எடுத்துவிட்டு, வருகிற பட்டியலில் முதலில் இருப்பதைப் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைத் தொடவே கூடாது. டிக் இருக்கும்போது எதுவும் வரவில்லை என்றால் ஃபோல்டர் தவறு, அல்லது செட்டப்பின் பதிப்பு இந்தத் தலைமுறைக்கு உரியதல்ல. பதிப்பு எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பழைய தலைமுறைகளைப் புதுப் பதிப்புகள் கைவிடுவது உண்டு. போர்டு கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் அந்த மாடலுக்கு நேராக உள்ளதை எடுப்பதே என் வழக்கம்.

ஜூன் 11, புதன்

ஆலையில் சிஸ்டத்தை வைத்துவிட்டு வந்தேன். டேலி ஓடுகிறது, மிரர் நிலை 'நார்மல்'. மிரர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். ஒரு பில்லைத் தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழியும் சார் என்றேன். தினமும் சாயங்காலம் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுப்பதாக அக்கா ஒத்துக்கொண்டார்.

ஜூன் 14, சனி

பர்கூர் ரோட்டில் ஓர் எடை மேடை. கிரானைட் கல் லாரிகள் ஏறி இறங்கும் இடம். அங்கே இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. சிரிக்க ஒன்றுமில்லை. எடை காட்டும் பெட்டி சீரியல் போர்ட் வழியாகத்தான் பேசும், அதற்கு மென்பொருள் எழுதியவர் எப்போதோ தொழிலை விட்டுவிட்டார். ஓடும் வரை ஓட்டுவோம் என்று இருக்கிறார்கள், அவர்கள் நிலையில் நானும் அதைத்தான் செய்வேன்.

ராத்திரி இடி மழையில் கரண்ட் போய் வந்திருக்கிறது. காலையில் சிஸ்டத்தைப் போட்டால் எக்ஸ்பி சின்னம் ஒரு கணம் தெரிந்து நீலத் திரை, உடனே ரீஸ்டார்ட், திரும்பவும் அதே. முன்பு வந்து பார்த்த ஒருவர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புது சிஸ்டம் வாங்கிவிடுங்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். ஓனர் முகம் கருத்திருந்தது.

தானாக ரீஸ்டார்ட் ஆவதை எஃப்8 மெனுவில் நிறுத்திவிட்டு நீலத் திரையைப் படித்தேன். பல சைபர்களுக்குப் பின் 7பி. பூட் டிஸ்கை அணுக முடியவில்லை என்று பொருள். டிஸ்கிலிருந்து விண்டோஸ் ஏறத் தொடங்கி, பாதி வழியில் அதே டிஸ்க் தெரியாமல் போகிறது. டிஸ்க் செத்திருந்தால் சின்னமே வந்திருக்காது. பயோஸுக்குள் போனால் தேதி 2009 ஜனவரி 1. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் இருந்தவரை தெரியவில்லை, கரண்ட் போனதும் பயோஸ் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிட்டன. டிஸ்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்லும் சாட்டா மோட், பழைய முறையான ஐடிஇயிலிருந்து புது முறையான ஏஎச்சிஐக்கு மாறியிருந்தது.

எக்ஸ்பி வந்தது 2001இல். ஏஎச்சிஐ விதிமுறையின் முதல் பதிப்பு 2004இல். எக்ஸ்பிக்குள் அதற்கு டிரைவரே கிடையாது, விஸ்டாவில்தான் உள்ளேயே வந்தது. அந்தக் காலத்தில் எக்ஸ்பி நிறுவும்போது திரையின் அடியில் எஃப்6 அழுத்தச் சொல்லி ஒரு வரி ஓடும். அழுத்தினால் ஃபிளாப்பி கேட்கும், பென் டிரைவ் எல்லாம் செல்லாது. ஃபிளாப்பி டிரைவ் இல்லாதவர்கள் என்லைட் என்ற மென்பொருளால் டிரைவரை சிடிக்குள்ளேயே சேர்த்துப் புது சிடி எழுதுவார்கள். கையில் போர்டு டிரைவர் சிடியும் இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

இங்கே அதெல்லாம் தேவைப்படவில்லை. சிஆர்2032 பேட்டரி மாற்றி, சாட்டா மோடை ஐடிஇ ஆக்கி, தேதியைச் சரிசெய்து சேமித்தேன். எக்ஸ்பி எழுந்தது. வெளியே காத்திருந்த லாரியை உடனே மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஐடிஇ மோடில் வேகம் கொஞ்சம் குறையும், எடைச் சீட்டு அடிக்க அது போதும். ஆனால் இந்த போர்டு போய்விட்டால் சிக்கல்தான், இப்போது வரும் போர்டுகளில் ஐடிஇ என்ற தேர்வே இல்லை. அதை ஓனரிடம் சொல்லி, டிஸ்கை முழுதாக ஒரு இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ரவுண்டானா பக்கம் ஒரு ஸ்டூடியோ. மகன் பொறியியல் படிக்கிறான், அப்பாவின் சிஸ்டத்தில் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் வேண்டுமாம். கம்பெனியிலிருந்தே ரெய்டு மோடில் வந்த சிஸ்டம், உள்ளே இருப்பதோ ஒரே எஸ்எஸ்டி. உபுண்டு நிறுவல் ஆர்எஸ்டியை ஆஃப் செய்யச் சொல்லி நின்றுவிட்டது. பையன் பயோஸில் ஏஎச்சிஐ மாற்றினான், எடை மேடையில் பார்த்த 7பி போலவே விண்டோஸ் நீலத் திரையில் விழுந்தது. பயந்து பழையபடி வைத்துவிட்டுக் கூப்பிட்டான்.

முதலில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த 48 இலக்கச் சாவி கையில் இல்லாமல் பயோஸில் கை வைக்கக் கூடாது. பிறகு எம்எஸ்கான்ஃபிக், பூட் பகுதியில் 'சேஃப் பூட்' டிக், ரீஸ்டார்ட், பயோஸில் ஏஎச்சிஐ. சேஃப் மோடில் ஏறும்போது விண்டோஸ் தன்னிடம் உள்ள ஏஎச்சிஐ டிரைவரைத் தானே எடுத்துக்கொள்கிறது. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட், அவ்வளவுதான். ஃபார்மட் எதற்கும் போகவில்லை, கல்யாண ஆல்பங்கள் எல்லாம் அப்படியே.

ஜூன் 20, வெள்ளி

எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறேன் என்று சொல்லும் ஒரு மென்பொருளை நிறுவிய சிஸ்டம் இன்று வந்தது. சவுண்டுக்கும் பிரிண்டருக்கும் அது என்ன செய்தாலும் போகட்டும். ஸ்டோரேஜ் கன்ட்ரோலரில் தவறான டிரைவர் ஏறினால் சரிசெய்ய விண்டோஸே எழுந்து வராது. நல்ல வேளை, ரிக்கவரி வழியாக ரீஸ்டோர் பாயின்ட் கிடைத்தது.

தம்பிக்கு டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் ஐடி பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். முதலில் வருவது கம்பெனி எண்: 8086 என்றால் இன்டெல், 1022 என்றால் ஏஎம்டி, 1பி21 என்றால் ஏஎஸ்மீடியா. பின்னால் வரும் வகை எண் 0106 என்றால் ஏஎச்சிஐ, 0108 என்றால் என்விஎம்இ. இவை இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் டிரைவரே போதும், நான் மாற்றுவதில்லை. 0104 என்றால் ரெய்டு, அங்கேதான் தேட வேண்டும். ஏஎம்டி ரெய்டு என்றால் பாட்டம், ரெய்டு, கான்ஃபிக் என்று மூன்று டிரைவரை அதே வரிசையில் ஏற்ற வேண்டும்.

கடை பென் டிரைவில் இருந்த 'புது டிரைவர்', 'புது டிரைவர் 2', 'லேட்டஸ்ட்' ஃபோல்டர்களை எல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டேன். இப்போது ஃபோல்டர் பெயரே 467எஃப், 9ஏ0பி என்றுதான் இருக்கிறது. 13ஆம் தலைமுறைக்கான ஏ77எஃப்பை நாளை சேர்ப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.