திருப்பூரில் பதிவு, அம்மா ஊரில் பிரசவம்

வேலைக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து, வந்த இடத்தில் மாசமாக இருக்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே பதிவது, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால் பதிவு என்ன ஆகும், பணம் வருமா என்று தெரிந்தவர்களெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம்.

எனக்கு ஊர் புதுக்கோட்டை மாவட்டம். கல்யாணமாகித் திருப்பூர் போனேன். வீட்டுக்காரருக்கு நிட்டிங், எனக்கு பனியன் கம்பெனியில் செக்கிங். குடியிருந்தது லைன் வீடு. எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் அந்த மாதமே நர்சம்மா காதுக்குப் போய்விடும். அங்கன்வாடி டீச்சர் சொல்வார், இல்லாவிட்டால் எதிர்வீட்டு அத்தை சொல்வார். லைன் வீட்டில் அடுத்த கதவில் யார் இருக்கிறார் என்பதே சம்பளத் தேதியன்றுதான் தெரியும். எங்கள் வரிசையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் வயிறு நன்றாகத் தெரிகிற வரைக்கும் எங்குமே பதியவில்லை. கிராமத்தில் ஆஸ்பத்திரி தூரம், நகரத்தில் எல்லாம் பக்கத்தில் என்று நினைக்கிறோம். மாசமாக இருக்கிறவளைத் தேடி வந்து கேட்கிற ஆள் கிராமத்தில்தான் இருக்கிறார்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானாகத்தான் போனேன். செவ்வாய்க்கிழமை போக வேண்டும், அன்றைக்குத்தான் கர்ப்பிணிகளுக்கான செக்கப். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. ஆதார், வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு, வீட்டுக்காரர் ஆதார், கடைசியாகத் தலைக்கு ஊற்றிய தேதி இவ்வளவும் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றி, 12 இலக்க எண் ஒன்றைத் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பிக்மி நம்பர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த நம்பரைக் கேட்பார்கள். அதனால் தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்களும் பதியத்தான் வேண்டும். மூன்று மாதத்துக்குள் பதிந்துவிடுவது நல்லது. போட்டோ எடுத்து இரண்டு பேர் போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ரத்தப் பரிசோதனையிலேயே என் பிரச்சினை தெரிந்துவிட்டது. ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆபத்து. எனக்கு நடக்க முடிந்தது, நின்று வேலை பார்க்க முடிந்தது, அதனால் நம்பவே முடியவில்லை. ‘மூச்சு வாங்குதா?’ என்று நர்ஸ் கேட்டபோதுதான், மாடிப்படி ஏறுவதை நான் எவ்வளவு நாளாகத் தள்ளிப்போடுகிறேன் என்று யோசித்தேன். இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட பாதிக் கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதில் நாட்டுக்கே முன்னால் இருக்கிற மாநிலத்தில் இந்த நிலைமை.

இரும்புச்சத்து மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டல், மலம் கறுப்பாகப் போவது, வாயில் ஆணியைச் சப்பிய ருசி. ராத்திரி சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள், எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நன்றாகச் சேரும் என்றார்கள். டீ குடித்த கையோடு போடக் கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போடக் கூடாது. பனியன் கம்பெனியில் டீ இல்லாமல் வேலை எப்படி நகரும் என்று அந்த நர்சுக்கும் தெரியும். ‘டீக்கும் மாத்திரைக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடும்மா, போதும்’ என்றார். விட்டேன். அப்படியும் அடுத்த டெஸ்டில் 8.6-தான்.

சர்க்கரை டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள், சில நிமிஷத்துக்குள் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. இரண்டு பஸ் மாறி வருகிற பெண் சாப்பிட்டுவிட்டே வரலாம், ஒரே ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் போதும். 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. இந்த முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. நம் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற லட்சணம் தெரிந்த ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும். எனக்குச் சர்க்கரை இல்லை. அடுத்த நாற்காலியில் இருந்த ஒல்லியான பெண்ணுக்கு இருந்தது. உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஐந்தாம் மாதத்தோடு வேலையை விட்டேன். 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கான்ட்ராக்டரிடம் சேர்ந்தவளுக்கு அதை யார் கொடுப்பது என்றால் ஆளாளுக்குக் கை காட்டுவார்கள். அதை விடுங்கள், தனியாக எழுத வேண்டிய சமாச்சாரம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தேன். இங்கேதான் பலருக்குச் சங்கிலி அறுந்துபோகிறது. திருப்பூர் நர்ஸ் கணக்கில் நான் ஊருக்குப் போனவள், ஊர் நர்ஸ் கணக்கில் நான் வராதவள், நடுவில் இரண்டு மாதம் யாரும் பார்க்காமல் போய்விடலாம். ஊருக்குக் கிளம்பும்முன் திருப்பூரில் சொல்லிவிட்டு, எந்த ஊர், எந்த சுகாதார நிலையம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்த வாரமே துணை சுகாதார நிலையத்திலிருந்து கிராம சுகாதார செவிலியர் ஸ்கூட்டியில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நம்பரைச் சொன்னதும் தன் கையிலிருந்த திரையைப் பார்த்து, ‘எட்டு புள்ளி ஆறுதானே? இதோட வலி எடுத்தா நான் எங்க போய் முட்டிக்கிறது?’ என்றார். எனக்கு ஆச்சரியம். அம்மாவுக்குக் கோபம், ‘வந்தவுடனே இப்படியா பேசுவாங்க’ என்று. ஹை ரிஸ்க் மதர், அதாவது ஆபத்து அதிகம் உள்ள தாய்மார் பட்டியலில் அன்றைக்கே என் பேர் ஏறிவிட்டது.

மாத்திரையில் ஏறாத ரத்தத்துக்கு அயர்ன் சுக்ரோஸ் என்று நரம்பில் ஏற்றுகிற மருந்து உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுகிறார்கள், செலவு கிடையாது. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். கடுங்காப்பி நிறத்தில் இருக்கிற மருந்தைச் சின்ன சலைன் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய ஊசிகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, நர்ஸ் நகராமல் பக்கத்திலேயே நின்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படிப் போட்டார்கள். அந்த அறையில் எப்போதும் எங்களைப் போல மூன்று நான்கு பேர் கை நீட்டிப் படுத்திருப்போம். பேச்சு முழுக்க யார் மாமியார் என்ன சொன்னார் என்பதுதான். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டாலே ரத்தம் ஊறிவிடும் என்று வீட்டில் சொல்வதை நானும் தட்டவில்லை, சாப்பிட்டேன். ஆனால் எட்டில் இருந்தவளைப் பிரசவத்துக்குள் தூக்கிவிடக் கீரையால் மட்டும் ஆகாது. ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் 10.2.

அதற்குள் அடுத்தது வந்தது. கால் வீக்கம். கர்ப்பிணி என்றால் கால் வீங்கத்தான் செய்யும் என்றார்கள் பெரியவர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை செக்கப்பில் பிரஷர் 150-க்கு 100. கொஞ்ச நேரம் படுக்கவைத்து மறுபடி பார்த்தார்கள், குறையவில்லை. சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் இரண்டு பிளஸ். ‘தலை வலிக்குதா? கண்ணு மங்கலாத் தெரியுதா? நெஞ்சுக்குழி பிடிக்குதா?’ என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். தலைவலி மட்டும் இருந்தது, அது வெயிலால் என்று நினைத்திருந்தேன்.

பிரஷர் இப்படி ஏறினால் வலிப்பு வரலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். அம்மாவுக்கு மனசே இல்லை. என்னைப் பெற்றதும் என் தம்பியைப் பெற்றதும் இதே ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான்.

‘நர்சம்மா, இன்னும் நாள் இருக்கே. இங்கயே பாத்துக்கக் கூடாதா? அங்க போனா கத்தி வச்சிருவாங்க.’

‘அக்கா, இங்க நான் பிரசவம் பாப்பேன். ஃபிட்ஸ் வந்தா என்னால பாக்க முடியாது. ரத்த பேங்க் இங்க இல்ல, மயக்க டாக்டர் இல்ல. ஃபிட்ஸ் வந்த பிறகு கெளம்புனா வழியில என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வேணாம்.’

அம்மா அதற்குமேல் பேசவில்லை. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசியை இரண்டு பக்கப் பிட்டத்திலும் போட்டார்கள். பிரசவ வலியைக்கூட மறந்துவிடுவேன், அந்த ஊசியை மறக்க மாட்டேன். 108 வந்தது. ஏறும்முன் நர்சம்மா சீமாங் சென்டரின் லேபர் வார்டுக்கே போன் போட்டு என் பேர், நம்பர், பிரஷர், என்ன ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்லிவிட்டார். 24 மணி நேரமும் ஆபரேஷன், ரத்தம், மகப்பேறு டாக்டர் எல்லாம் தயாராக இருக்கிற அரசு ஆஸ்பத்திரிகளைத்தான் சீமாங் என்கிறார்கள். போய் இறங்கியபோது சீட்டு எழுத வரிசையில் நிற்கவில்லை, நேராக உள்ளே கூட்டிப்போனார்கள். இந்த போன் காலை எல்லா இடத்திலும் போடுகிறார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்களே கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

பிரஷரைக் குறைக்க மாத்திரை கொடுத்து, ஜெல் வைத்து வலி வரவைத்தார்கள். லேபர் வார்டில் கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-லிருந்தே உள்ள ஏற்பாடு. அம்மா இருந்தார். கத்தி வைக்கவில்லை. பெண் குழந்தை, 2.6 கிலோ.

பிள்ளை வெளியே வந்த நிமிஷமே தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், ஆக்ஸிடோசின், கர்ப்பப்பை சுருங்குவதற்கு. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. ஒரு டாக்டர் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார், இன்னொரு கையில் டிரிப் ஏறியது, யாரோ ‘பிளட் ரெடியா வைங்க’ என்று குரல் கொடுத்தது கேட்டது. ஏற்ற வேண்டிய அவசியம் வரவில்லை, அதற்குள் நின்றுவிட்டது. மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் அட்டையைப் புரட்டிவிட்டு, ‘ஊர்ல அயர்ன் சுக்ரோஸ் போட்டாங்களா? நல்லதாப் போச்சு. எட்டோட வந்திருந்தா நேத்து கதை வேற’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

உலகத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-க்குப் போட்ட கணக்கு. பெரும்பாலும் ஏழை நாடுகளில். காரணங்களில் முன்னால் நிற்பவை ரத்தப்போக்கும் பிரஷரும். இரண்டும் எனக்கு வந்தன. 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54, கேரளாவில் 19. இந்தக் கணக்குகளைப் படிக்கும்போதெல்லாம் பெரிய கட்டடமும் மெஷினும்தான் நினைவுக்கு வரும். என் அட்டையைப் புரட்டினால் தெரிவது, ஒருத்தர் எழுதியதை அடுத்தவர் படித்திருக்கிறார் என்பது. மெக்னீசியமும் ஆக்ஸிடோசினும் விலை குறைந்த மருந்துகள். சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

102 தாய் சேய் ஊர்தியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பிரசவம் ஆனால் பிரஷர் போய்விடும் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பிறகும் சில வாரம் மாத்திரை இருந்தது, வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம் என்று எச்சரித்தார்கள். பத்தியச் சாப்பாட்டில் அம்மாவுக்கும் நர்சம்மாவுக்கும் மறுபடி சண்டை. பால் சுறாவும் பூண்டுக் குழம்பும் சரி, கருவாடு வேண்டாம், உப்பு ஏறும் என்றார் அவர். தண்ணீர் குறைத்துக் கொடுப்பதையும் நிறுத்தச் சொன்னார். அம்மா அவர் முன்னால் தலையாட்டினார், அவர் போன பிறகு சொம்பை எடுத்து உள்ளே வைத்தார். நான்தான் எழுந்துபோய்க் குடித்துக்கொண்டேன்.

அப்புறம் பணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. அவர் எங்கள் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தவர் என்பதில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. அதில் 14,000 ரொக்கம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய் இருக்கும். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் உண்டு, வயது 19 ஆகியிருக்க வேண்டும்.

முதல் தவணை 6,000 எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. காரணம், ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் வீட்டுக்காரர் பேர். அதோடு ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். கம்பெனியில் சேர்ந்தபோது திறந்த பழைய கணக்கு ஒன்று இணைந்து கிடந்தது. கல்யாணமான கையோடு பேரையும் கணக்கையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். மாசமான பிறகு வங்கி வாசலில் நிற்க முடியாது. அடுத்த 6,000 பிள்ளைக்கு மூன்று தவணைத் தடுப்பூசியும் போட்டு முடித்த பிறகு, நாலாம் மாதத்தில். கடைசி 2,000 ஒன்பதாம் மாத ஊசிக்குப் பிறகு. திருப்பூருக்குத் திரும்பிய பிறகு அந்த ஊசியை இங்கேதான் போட்டேன், அதே நம்பரைச் சொல்லி. பணம் ஊர்க் கணக்குக்கே வந்துவிட்டது.