டிராக்டர் முகப்பில் சிட்டுக்குருவி, ரோட்டவேட்டரில் கருஞ்சிட்டு: ஆறு வாரக் குறிப்பு

சம்பா அறுப்பு முடிந்து மாசியில் கொட்டகைக்குள் விட்ட டிராக்டர். அடுத்த வேலை சித்திரையில் கோடை உழவுதான். வண்டி ஓடாமல் நிற்கும் இந்த இடைவெளியில்தான் குருவிகள் இடம் பிடிக்கின்றன. நாலு நாள் அசையாமல் நின்றாலே வைக்கோல் வந்துவிடுகிறது.

நாள் 1. முன் அச்சுக்குக் கீழே தரையில் வைக்கோல் துணுக்கு. பானட்டைத் தூக்கினால் பேட்டரிக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில் ஒரு பிடி வைக்கோல், கோழி இறகு இரண்டு. சிட்டுக்குருவி. இதற்கு 32 மி.மீ. துளை இருந்தால் தாராளமாக நுழையும். பானட்டின் அடிப்பக்கமோ ஒரு கை போகும் அளவுக்குத் திறந்து கிடக்கிறது.

இந்த நிலையில் வைக்கோலை எடுத்துவிடலாம், அது இன்னும் கூடு ஆகவில்லை. கிண்ணம்போல் குழி உருவாகி முட்டையும் விழுந்துவிட்டால் கை வைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அடங்கும்.

நாள் 2 முதல் 9 வரை செய்தவை எல்லாம் வீண். காலையில் வைக்கோலை எடுத்தால் மதியத்துக்குள் திரும்ப வந்தது. சந்தில் பழைய துணியை அடைத்தால் நூலை உருவிக் கூட்டுக்கே கொண்டுபோகும். நூல் குஞ்சின் காலில் சுற்றினால் கால் போய்விடும் என்பதால் துணி உடனே எடுக்கப்பட்டது. ஒட்டு டேப் வெயில் சூட்டில் இளகிவிட்டது, அதன் பசை இறகில் ஒட்டும். தார்ப்பாய் போட்டது எல்லாவற்றையும்விட மோசம். கீழே தொங்கும் ஓரம் வழியாக உள்ளே போய்விடுகிறது, காக்கையும் பூனையும் பார்க்க முடியாத மறைவு வேறு. பளபளக்கும் சி.டி. தட்டு கட்டியதற்கு மூன்று நாள் பயந்தது, அவ்வளவுதான். நைலான் வலையை யோசிக்கவே வேண்டாம், பறவை சிக்கிக்கொள்ளும்.

நாள் 10. அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (கம்பி வலை) இரண்டு துண்டு வெட்டப்பட்டது. ஒன்று கிரில்லுக்கு முன்னால், மற்றது ரேடியேட்டருக்கும் முன் அச்சுக்கும் இடையே உள்ள அடிவாய்க்கு. கிரில்லை மட்டும் மூடினால் போதாது, குருவி கீழிருந்துதான் ஏறுகிறது. வெட்டிய ஓரங்களை ஒரு அங்குலம் மடித்துத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் கையையும் ஒயரையும் கிழிக்கும். போல்ட் போடவில்லை. பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக அறுத்து, முனையில் கட்டுக்கம்பிக் கொக்கி வைத்து நாலு மூலையிலும் மாட்டியாயிற்று. உழவுக்குப் போகும்போது வலையைக் கழற்றியே ஆக வேண்டும். தூசியும் சருகும் அதில் படிந்தால் காற்று அடைபட்டு இன்ஜின் சூடாகும். மறக்காமலிருக்க ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி. மாட்டுவதற்கு முன் உள்ளே பறவை இல்லை என்று டார்ச் அடித்துப் பார்ப்பது கட்டாயம்.

வைக்கோலை அலட்சியமாக விட முடியாததற்குக் காரணம் இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. சுமை இழுக்கும்போது அது பல நூறு டிகிரி சூடேறும். அதன்மேல் விழுந்த காய்ந்த புல் பற்றினால் அடுத்தது ஒயரிங்.

நாள் 12. சிட்டுக்குருவி போன நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. கழற்றி வைத்திருந்த ரோட்டவேட்டரின் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சுழல் கலப்பை) மேல் தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள பொந்தில் கருஞ்சிட்டு. ஆண் கறுப்பு, தோளில் வெள்ளைத் தீற்று, வாலைத் தூக்கியபடியே இருக்கும். பெண் பழுப்பு. புல், மயிர், ஒரு துண்டு பாம்புச் சட்டை, இரண்டு முட்டை. மறுநாள் மூன்றாவது. இனி அந்தக் கருவி அசையக் கூடாது.

இங்கே ஒரு நல்ல காலம், ரோட்டவேட்டர் வண்டியில் மாட்டியிருக்கவில்லை. மாட்டியே நிறுத்தியிருந்தால் டிராக்டரும் சேர்ந்து முடங்கியிருக்கும். சீசன் முடிந்ததும் கருவியைக் கழற்றித் தனியாக வைப்பது இந்த ஒன்றுக்காகவே லாபம். அவசரத்துக்கு 9 கொத்துக் கலப்பையை மாட்டிக்கொள்ளலாம். கூட்டோடு கருவியை நகர்த்திப் பார்க்கலாமே என்று தோன்றும். தாய் தேடி வருவது கூடு இருந்த பழைய இடத்தைத்தான், புதிய இடத்தில் குஞ்சு பட்டினி கிடக்கும்.

பார்ப்பது மூன்று நாளுக்கு ஒருமுறை, பெண் இரை தேடப் போன நேரத்தில், கம்பியில் கட்டிய சின்னக் கண்ணாடியால், அரை நிமிடம். கடைசி முட்டையிலிருந்து 10 முதல் 12 நாள் அடைகாப்பு. நாள் 24-இல் மூன்றும் பொரித்திருந்தன. குஞ்சுக்குப் பத்து நாள் ஆன பிறகு எட்டிப் பார்ப்பதை நிறுத்தியாயிற்று. மிரண்டால் பறக்கத் தெரியாமலே குதித்துவிடும், கீழே ஓணானும் பூனையும் உண்டு.

நாள் 38. கூடு காலி. இரண்டு நாள் காத்திருந்து, காலையும் மாலையும் பறவை வரவில்லை என்று உறுதி செய்த பிறகே சுத்தம். தாமதித்தால் அதே இடத்தில் அடுத்த ஈடு தொடங்கிவிடும். கையுறை, முகக்கவசம் போட்டு, கூட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு எடுக்க வேண்டும். உலர்ந்த எச்சத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, செள்ளும் கையில் ஏறும். எச்சம் பட்ட தகட்டைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துரு பிடிக்கும்.

டிராக்டரில் வலையைக் கழற்றி, ரேடியேட்டரை ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஊதியபோது ஒரு கைப்பிடி துரும்பு வந்தது. முன்னாலிருந்து ஊதினால் அது இன்னும் உள்ளேதான் செருகும்.

மாற்று இடமாக 12 மி.மீ. பலகையில் ஒரு பெட்டி: அடி 15 செ.மீ. சதுரம், உயரம் 25, வாசல் 32 மி.மீ., அடியில் நாலு வடிதுளை, பத்தடி உயரத்தில் வெயில் படாத சுவரில். உட்கார வெளியே குச்சி வைக்கவில்லை, அது காக்கைக்குத்தான் வசதி. நாள் 31-இல் சிட்டுக்குருவி வைக்கோல் கொண்டு போனது. கருஞ்சிட்டுக்காக வாய் அகன்ற மண்சட்டி ஒன்று சாய்த்துக் கட்டியிருக்கிறது, இன்னும் காலி.

பவர் டில்லரில் பறவை இல்லை. ஆனால் டீசல் டேங்க் மூடியின் காற்றுத்துளையைக் குளவி மண்ணால் அடைத்திருக்கிறது. ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச நேரத்தில் டீசல் இறங்காமல் நின்றுபோவது அதனால்தான். ஊசியால் குத்தினால் மண் டேங்குக்குள் விழும், மூடியைக் கழற்றிக் கழுவ வேண்டும்.