பிர்ரஸ் படைக்கு ஒருவழியா ஈட்டி நிமிர்ந்துடுச்சு

பழைய கிரேக்க நாடு எபிரஸோட ராஜா பிர்ரஸ், இத்தாலில ரோமானியரோட மோதின ஹெராக்லியா சண்டைய (கிமு 280) குட்டி பொம்மைங்களா செஞ்சுட்டு இருக்கேன், அந்த செட்டுல முதல் வரிசை ஈட்டிக்காரங்க ரெடி, ஒரு ஈட்டி கூட வளையல!! ஸ்கேல் வெச்சே பாத்துட்டேன்.

1/72 (நிஜ அளவுல 72ல ஒரு பங்கு) பொம்மைங்களோட வர்ற சாரிஸா, அதான் அந்த நீள ஈட்டி, அத பத்தி தெரியும்ல, மெத்து பிளாஸ்டிக், தொங்கிட்டு நிக்கும், நீளமும் பத்தாது. நிஜத்துல அஞ்சரை ஆறு மீட்டர் போகும், 72ஆல வகுத்தா 8 செ.மீ கிட்ட வரணும். வெந்நீர்ல முக்கி நிமித்துறதெல்லாம் கொஞ்ச நாளைக்குதான். கிட்டார் கம்பி நல்ல விறைப்பு, ஆனா சுருள்ல இருந்த வளைவு போய்த் தொலைய மாட்டேங்குது. கடைசில 0.5 மி.மீ பித்தளைக் கம்பிதான். ஒரு முனைய வைஸ்ல இறுக்கி, இன்னொன்ன ட்ரில்லுல மாட்டி, நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே மெதுவா சுத்த விட்டா நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. முனைய சுத்தியால தட்டி அரம் போட்டா ஈட்டித்தலையும் ஆச்சு.

அடுத்த தலைவலி கை. இந்த பிளாஸ்டிக்ல ஃபெவிக்விக் ஒட்டவே ஒட்டாது, ஓட்டையே கம்பிய கவ்விப் பிடிக்கணும். பிட் வெச்சு துளைச்சா விரல் பிஞ்சுருது. ஊசிய மெழுகுவத்தில காட்டி குத்திப் பாருங்க, உருகின ஓரம் தடிச்சு நிக்கும், கம்பி அசையாது. இத எவனும் சொல்லித் தரல, நானே கண்டுபிடிச்சதுன்னு பெருமையா சொல்லிக்கிறேன் :)

கம்பியும் பிட்டும் நகைப் பட்டறை சாமான் கடைல கேளுங்க, ஹாபி கடை விலைக்கு பாதி கூட வராது.

கேடயம் இன்னும் பெயிண்ட் ஆகல, ஆனா மனசு யானைக்கு போயிருச்சு. பிர்ரஸ் இத்தாலிக்கு கப்பல்ல ஏத்திட்டு போனது 20 யானை, ரோமானியருக்கு யானைய சண்டைல பாக்குறது அதுதான் முதல் தடவை. இத்தாலில கிடைச்ச பழைய கபேனா தட்டுல வரைஞ்சிருக்கிற மாதிரி ஆசிய யானைதான் நான் வைக்கப் போறேன். வாங்கின பாக்ஸ்ல இருக்குறதோ கார்த்தேஜ் யானை, அதாவது ஆப்பிரிக்க வகை, முறம் காது. வெட்டிட்டு எம்-சீல்ல சின்ன காதும் நெத்தி மேடும் வைக்கணும், முதுகும் குழிஞ்சு கிடக்கு, அதையும் மேடாக்கணும்.

ராஜா பொம்மைலதான் குழப்பம். கொம்பு வெச்ச ஹெல்மெட்டாலதான் அந்தாளு ஃபேமஸ், ஆனா ஹெராக்லியால தன் அங்கிய, கவசத்த தன் கூட்டாளி மெகாக்ளீஸ்க்கு போட்டு விட்டுட்டாரு, அவன் செத்ததும் ராஜாவே போயிட்டார்னு படை ஆடிப்போக, இவர் முகத்த காட்டிக்கிட்டே குதிரைல ஓட வேண்டியதாச்சு. அதனால கொம்பு மெகாக்ளீஸுக்கு, ராஜா வெறுந்தலை.

அப்புறம், கிமு 272ல ஆர்கோஸ்ல கூரை ஓட்ட வீசி இவர சாய்ச்ச கிழவி இருக்காளே, அதுக்கு தோதா 1/72ல ஏதாச்சும் பொம்பள பொம்மை யாராவது பாத்திருக்கீங்களா?