சுரைக்கொடிக்கு முன்னால் வந்த கொடிகள்

போன வருடம் மே மாதம். ஊரிலிருந்து அப்பா அமெரிக்கா வந்த மூன்றாவது நாள் காலை, காபி டம்ளரோடு ஜன்னல் ஓரம் நின்றவர் என்னைக் கூப்பிட்டார். "டேய், இங்க வா. நம்ம இடத்துல எவனோ கல்லு நட்டுட்டுப் போயிருக்கான்."

கல் இல்லை, கொடிகள். மெல்லிய கம்பியின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஆறேழு ஆரஞ்சு, நாலு மஞ்சள். நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள புல் பட்டையில் ஆரம்பித்து எங்கள் புல்வெளிக்குள்ளும் சில அடி நுழைந்திருந்தன. புல்லின் மேல் அதே நிறங்களில் ஸ்ப்ரே பெயின்ட் கோடுகள் வேறு.

அப்பா பதறியதற்குக் காரணம் உண்டு. 2018-இல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்காக வயல்களில் கல் நட்டார்களே, அப்போது எங்கள் பங்காளி ஒருவர் தென்னந்தோப்பிலும் இரண்டு கல் விழுந்தது. அப்பா அதைக் கண்ணால் பார்த்தவர். அளந்து அடையாளம் வைத்தால் அடுத்து எடுக்க வருவார்கள் என்பது அவர் கணக்கு. "பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் பாரு" என்று நாலு தடவை சொல்லிவிட்டார்.

நியூ ஜெர்சி எடிசனில் வீடு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இந்தக் கொடிகளை எத்தனையோ வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். என்ன ஏது என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் குப்பைக் கூடையைக் கிளறியபோது, பீட்சா விளம்பரங்களோடு தூக்கிப் போட்டிருந்த ஓர் அட்டை கிடைத்தது. கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போகும் வகை அட்டை. எங்கள் தெருவில் ஃபைபர் கேபிள் புதைக்கப் போகிறார்களாம், தோண்டுவதற்கு முன்பு ஏற்கெனவே பூமிக்குள் இருப்பதை அடையாளம் போடுவார்களாம். அவ்வளவுதான். நிலத்தை யாரும் எடுக்கவில்லை. தெருவோரப் பட்டையில் வேலை செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு, வேலை முடிந்ததும் கொடியால் ஒரு பயனும் இல்லை.

இதை அப்பாவிடம் சொல்லிவிட்டு ஆபீஸ் வேலையில் உட்கார்ந்தேன். மாலையில் எழுந்து வந்தால் முன்புறம் புல் மொட்டையாக வெட்டியிருந்தது. கொடிகள் மொத்தமும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய நிலையில் கராஜ் அலமாரியில். "மிஷின்ல சிக்கும்ல, அதான் எடுத்து வெச்சேன்" என்றார் அப்பா. மிஷினில் சிக்கும் என்பது உண்மைதான். பெயின்ட் கோடும் வெட்டிய புல்லோடு போய்விட்டது. மறுநாள் வேலையாட்களிடம் போய் அசடு வழிந்தேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குறி போடச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வாசலை மட்டும் விட்டுவிட்டுத் தெரு முழுக்க வேலை நடந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் எங்கள் முறை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அப்புறம்தான் எங்கள் சொந்தக் கொடிகளின் கதை. அப்பா வரும்போது சுரை விதையும் புடலை விதையும் கொண்டு வரப் பார்த்தார். ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நான் தடுத்துவிட்டேன். எங்கள் ஊர் ஓக் ட்ரீ ரோட்டில் இந்தியக் கடைகளுக்கா பஞ்சம்? நாற்று வாங்கிவிட்டோம். பந்தல் வேண்டும். வீட்டின் தென்பக்கச் சந்தில்தான் நாள் முழுக்க வெயில். ஆறு கால், இரண்டடி ஆழக் குழி. ஹோம் டிப்போவில் குழி தோண்டும் இரட்டைக் கைப்பிடிக் கருவி ஒன்று வாங்கினேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடப்பாரை இல்லையா?" என்றார்.

முன்பு என்றால் அன்று மாலையே தோண்டியிருப்பேன். கொடி விவகாரம் புத்தியில் இருந்ததால், தோண்டுவதற்கு முன் கூப்பிட வேண்டிய 811-க்கு போன் போட்டேன். நாடு முழுக்க ஒரே எண், 2007-இலிருந்து இருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் எண் வைத்திருந்தார்கள். காசு கிடையாது. கான்ட்ராக்டர் மட்டுமல்ல, சொந்த வீட்டில் ஒரு கம்பம் நடுபவனும் கூப்பிட வேண்டும். இத்தனை அடிக்கு மேல் தோண்டினால்தான் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது. கேபிள் டிவி ஒயரைச் சில இடங்களில் அரையடி ஆழத்தில்கூடச் செருகி வைத்திருப்பார்கள்.

எடுத்த பெண்மணி பொறுமைசாலி. முகவரி, அருகில் உள்ள குறுக்குத் தெரு, வீட்டுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று வரிசையாகக் கேட்டார். என்ன வேலை என்று கேட்டபோதுதான் சிக்கல்.

"டெக் கட்டுகிறீர்களா?"

"இல்லை. பந்தல் மாதிரி."

"வேலியா?"

"இல்லை, மேலே கம்பி கட்டி, சுரைக்காய் தொங்குவதற்கு."

கொஞ்ச நேரம் தட்டச்சு சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் "கம்பம் நடுதல்" என்று போட்டுக்கொண்டதாகச் சொல்லி ஒரு டிக்கெட் எண் கொடுத்தார். தோண்டப் போகும் இடத்தை வெள்ளைக் கொடியாலோ வெள்ளை பெயின்டாலோ காட்டி வைக்கச் சொன்னார். நியூ ஜெர்சியில் மூன்று வேலை நாள் காத்திருக்க வேண்டும். கூப்பிட்ட நாள் கணக்கில் வராது, சனி ஞாயிறும் வராது. வியாழக்கிழமை கூப்பிட்டவனுக்கு அடுத்த செவ்வாய் முடிந்துதான் மண்வெட்டி. கேபிள், கேஸ், கரண்ட், தண்ணீர், எல்லா நிறுவனத்துக்கும் இந்த அலுவலகமே தகவல் அனுப்பிவிடும். குறி போட வருவது அவரவர் ஆள். அதனால் எல்லோரும் ஒன்றாக வர மாட்டார்கள். ஒருவர் வந்து போனதும் மண்வெட்டியை எடுத்துவிடக் கூடாது.

வெள்ளியன்று முதலில் கேஸ் ஆள் வந்தார். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார், நானும் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு வந்தேன். மீட்டருக்குக் கீழே மண்ணிலிருந்து குழாய் மேலே ஏறும் இடத்தில், கூடவே ஒரு மெல்லிய மஞ்சள் ஒயர் எட்டிப் பார்க்கிறது. ஆறு வருடமாக அது அங்கே இருப்பதை நான் கவனித்ததே இல்லை. அந்த ஒயரில் ஒரு கிளிப்பைக் கடிக்க வைத்தார். இன்னொரு கிளிப்பை மண்ணில் குத்திய இரும்புக் குச்சியில் மாட்டி, அந்தக் கிளிப்புகள் வழியாக ஒயருக்குச் சிக்னல் அனுப்பும் பெட்டியை ஆன் செய்தார். பிறகு கைத்தடி போன்ற ஒரு கருவியை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே தெருவை நோக்கி நடந்தார். கீங் கீங் என்ற சத்தம் ஓர் இடத்தில் உச்சத்துக்குப் போகும். அங்கே மஞ்சள் பெயின்டை ஒரு சீறு சீறிவிட்டு கொடியைக் குத்துவார்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு வரும் கேஸ் குழாய் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை இந்தக் கருவியால் கேட்க முடியாது. அதற்காகத்தான் குழாயோடு சேர்த்துச் செம்புக் கம்பி ஒன்றையும் புதைக்கிறார்கள், கருவி கேட்பது அந்தக் கம்பியை. எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். ஆழத்தை நம்பித் தோண்டாதே, போன சொந்தக்காரர் மண் கொட்டியிருப்பார், இல்லை வெட்டியிருப்பார் என்றார். கொடிக்கு இரண்டு பக்கமும் இரண்டடிக்கு மிஷின் கூடாது, கையால் மட்டும்தான். இது இந்த மாநிலக் கணக்கு. சில மாநிலங்களில் பதினெட்டு அங்குலம்.

திங்களன்று கேபிள் ஆள் ஆரஞ்சு போட்டார். தொலைபேசி, கேபிள், இன்டர்நெட் எல்லாம் ஆரஞ்சு. குடிதண்ணீர் நீலம், அது தெருவோர வால்வு வரைக்கும்தான் வந்தது. கரண்டுக்குச் சிவப்பு. எங்கள் தெருவில் கரண்ட் மேலே கம்பத்தில் வருவதால் சிவப்பே வரவில்லை, பெயின்டில் "ஓகே" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். சாக்கடை பச்சை, சர்வே எடுப்பவர்களுக்கு இளஞ்சிவப்பு, சுத்திகரித்துப் பாய்ச்சும் நீருக்கு ஊதா. அமெரிக்கா முழுக்க இதே நிறப் பட்டியல்தான், அமெரிக்கப் பொதுப்பணிச் சங்கம் வகுத்தது. அப்பா இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். வாக்கிங் போகும்போது அடுத்தவர் வாசலைப் பார்த்து, "இங்க தண்ணிக்குழா வேலை" என்று அறிவிப்பார்.

இத்தனை கெடுபிடி ஏன் என்று முதலில் எனக்கும் எரிச்சல்தான். தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் ஒருவர்தான் சொன்னார். 1994 மார்ச் 23, நள்ளிரவு நெருங்கும் நேரம். இதே எடிசனில், பூமிக்குள் போகும் 36 அங்குல கேஸ் பைப்லைன் வெடித்தது. பல நூறு அடி உயரத்துக்குத் தீ. பக்கத்தில் இருந்த டர்ஹாம் வுட்ஸ் குடியிருப்பில் எட்டுக் கட்டடங்கள் அழிந்தன. வானம் பகல் மாதிரி இருந்தது என்றார். பிறகு நான் தேடிப் படித்ததில் ஒரு விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது. வெடித்த அன்று அங்கே யாரும் குழாயை இடிக்கவில்லை. முன்பு எப்போதோ தோண்டும் இயந்திரம் குழாயின் மேல் கீறிவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் கீறலில் விரிசல் விழுந்து மெல்ல வளர்ந்து, ஒரு நாள் தாங்காமல் போயிருக்கிறது. தோண்டுவதற்கு முன் கூப்பிட வேண்டும் என்ற நியூ ஜெர்சிச் சட்டம் அதே 1994-இல்தான் வந்தது.

புதன்கிழமை காலை தோண்ட ஆரம்பித்தோம். முதல் குழி சுலபம். இரண்டாவது குழியில் ஓர் அடிகூடப் போகவில்லை, 'சர்'ரென்று சேறு குழம்பித் தண்ணீர் பொங்கியது. சுற்றிலும் ஒரு கொடியும் இல்லாத இடம். பழைய சொந்தக்காரர் போட்ட ஸ்ப்ரிங்க்ளர் குழாய். இதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. டிக்கெட்டோடு வந்த மின்னஞ்சலைப் பிறகு பார்த்தால் தெளிவாகவே எழுதியிருந்தது. மீட்டர் வரை, தண்ணீர் என்றால் தெருவோர வால்வு வரை, வருவதுதான் நிறுவனங்களுடையது, அதற்கு மட்டும்தான் கொடி. மீட்டரைத் தாண்டி நம் செலவில் போட்டது எதுவும் அவர்கள் வரைபடத்தில் இருக்காது. தோட்டக் குழாய், கொட்டகைக்கு இழுத்த கரண்ட், வெளி அடுப்புக்குப் போகும் கேஸ், நாய் தாண்டாமலிருக்கப் புதைக்கும் ஒயர் எல்லாம் இதில் சேர்த்தி. வேண்டுமென்றால் தனியாளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துத் தேடிக்கொள்ளலாம். பழைய வீடு வாங்குபவர்கள், முந்தைய சொந்தக்காரரிடம் மண்ணுக்குள் என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டதெல்லாம் வாஷிங் மெஷின் கூட வருமா என்று.

குழாயை ஒட்ட ஓர் இணைப்பான் போதுமானதாக இருந்தது. அப்பாவே மாட்டினார்.

நாலாவது குழி மஞ்சள் கோட்டுக்கு ஒன்றரை அடி தள்ளி. இன்னும் தள்ளிப் போட்டிருக்கலாம், ஆனால் பந்தல் நேராக வர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். கையால் தோண்டினால் சட்டப்படி சரி. அப்பா சின்ன மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுத்தார். நம் ஊர்க் கணக்கில் கையால் தோண்டுவது என்றால் கடப்பாரையை ஓங்கிப் போடுவதுதான், அதை வேண்டாம் என்று ஏற்கெனவே கெஞ்சி வைத்திருந்தேன். ஒன்றேகால் அடியில் மண்வெட்டி முனையில் மஞ்சளாக ஏதோ மின்னியது. செம்புக் கம்பியின் ஒரு தொய்வான வளையம், குழாயை விட்டுக் கொஞ்சம் விலகிக் கிடந்தது. மேலுறை ஓர் இடத்தில் உரிந்து செம்பு தெரிந்தது. குழாய் கண்ணில் படவில்லை, வாசனையும் இல்லை.

"ஒயர்தான, மண்ணைப் போட்டு மூடிரலாம்" என்றார் அப்பா.

மூடியிருப்பேன், அந்தப் பெரியவர் சொன்னது காதில் இல்லாவிட்டால். கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்தேன். கேஸ் வாசனை வந்திருந்தால் அந்த இடத்தில் நின்று போன்கூடப் பேசக் கூடாது. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தள்ளிப் போய் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வந்தார். மோப்பம் பிடிக்கும் கருவியை நீட்டிப் பார்த்தார், கையாலேயே இன்னும் கொஞ்சம் மண் விலக்கிக் குழாயைத் தடவிப் பார்த்தார், கீறல் இல்லை. கம்பி உரிந்த இடத்தைச் சரிசெய்துவிட்டு மூடச் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மூடாமல் கூப்பிட்டதற்கு நன்றி என்றார். கம்பி அறுந்து போயிருந்தால் அடுத்து குறி போட வருபவருக்குக் குழாய் இருப்பதே கேட்காது என்றும் சொன்னார். பில் எதுவும் வரவில்லை.

அப்பா அன்று முழுக்க அந்தக் குழியைப் பற்றியே பேசினார். நாலாவது காலை மூன்றடி தள்ளி நட்டோம். ஆகஸ்ட் வாக்கில் சுரைக்கொடி பந்தல் முழுக்க ஏறி, காயும் முழங்கை நீளத்துக்குத் தொங்கியது. வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் காயைப் பார்க்கும் முன்பு, பந்தல் ஏன் ஒரு மூலையில் கோணலாக இழுத்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் கேட்பார்கள். அப்பா அவர்களை மீட்டர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் அந்த மஞ்சள் ஒயரைக் காட்டுவார்.